நெடுந்தீவுக்கு ஓர் அலுமாரி

சென்ற மாதம் எங்கள் பழைய கந்தோரிலிருந்து ஓர் இளம் அதிகாரி நாரந்தனையில் உள்ள என் வீட்டைத் தேடி வந்தார். கையில் பலகை போல ஒரு கணினி. குறிகட்டுவான் துறையில் ஏற்றும் ஒவ்வொரு மூட்டையும் இனி அதற்குள் தெரியுமாம். மூட்டை எந்தப் படகில் இருக்கிறது, படகு எந்த இடத்தில் போகிறது, நெடுந்தீவில் எப்போது இறங்கும் என்பதையெல்லாம் வீட்டில் இருந்தபடியே விரலால் தொட்டுப் பார்க்கலாமாம். நானும் தொட்டுப் பார்த்தேன். ஒரு சீமெந்து மூட்டை நடுக்கடலில் அசையாமல் நின்றது. சிக்னல் இல்லாததால் வந்த பிழை என்று அவர் வெட்கத்தோடு சொன்னார். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. தொழில் அவ்வளவாக மாறிவிடவில்லை.

அவர் வந்த காரியம் வேறு. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடக்கிறது, அதில் நான் வந்து என் அனுபவத்தைப் பேச வேண்டும் என்றார். போனேன். நல்ல பிள்ளைகள், நித்திரையைக்கூட மரியாதையாக மறைத்தார்கள். முடிவில் ஒரு பெண் எழும்பி, நான் அனுப்பியவற்றிலேயே மிகக் கஷ்டமான சாமான் எது என்று கேட்டார். ஓர் அலுமாரி என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன், தேநீரும் வடையும் வந்துவிட்டன. வடைக்கு முன்னால் எந்தப் பேச்சாளரும் நின்றுபிடிக்க முடியாது. ஆகவே மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

நான் தீவுகளுக்கு அரச வழங்கல் அதிகாரியாக இருந்தவன். அரிசி, மா, மண்ணெண்ணெய், சீமெந்து, பாடப்புத்தகம், மருந்து, ஆட்டுக்குப் போடும் தடுப்பூசி என்று நெடுந்தீவும் நயினாதீவும் எழுவைதீவும் கேட்பதைக் கரையில் சேர்த்து, படகில் ஏற்றி, நனையாமல் கொண்டுபோய் இறக்குவது என் வேலை. எழுதுவினைஞராகச் சேர்ந்து, கடைசியில் முழுத் தீவகத்துக்கும் பொறுப்பாக இருந்து ஓய்வுபெற்றேன். இந்தத் தொழிலில் ஊறியவன் வீட்டில் சும்மா இருக்கமாட்டான். குளிர்சாதனப் பெட்டியில் கடைசியாக எடுக்க வேண்டியதை முதலில் உள்ளே வைக்க வேண்டும் என்று ஒருமுறை மனைவிக்கு விளக்கினேன். அதன் பிறகு குசினிப் பக்கம் எனக்கு அனுமதி இல்லை.

பயிற்சி என்று எனக்குக் கிடைத்தது தெற்கில் நடந்த ஒரு சிறிய வகுப்பு. இராணுவத்தில் வழங்கல் பிரிவை நடத்தி ஓய்வுபெற்ற ஒரு கேணல் வந்து படிப்பித்தார். நல்ல மனிதர், மீசைதான் கொஞ்சம் முன்னால் வரும். சரியான சாமான், சரியான இடத்துக்கு, சரியான நேரத்தில் போய்ச் சேர வேண்டும், எங்கள் தொழிலின் முழு வேதமும் இவ்வளவுதான் என்றார். நான் எழும்பி, சோளகக் காற்று அடித்தால் என்ன செய்வது என்று கேட்டேன். எங்கிருந்து அடிக்கும் என்று கேட்டார். தென்மேற்கிலிருந்து, மாதக்கணக்கில் என்றேன். அவர் மீசையைத் தடவி நெடுநேரம் யோசித்துவிட்டு, அப்படியானால் பொறுத்திருக்க வேண்டும் என்றார். அந்த வகுப்பில் கற்றதில் எனக்குப் பின்னால் பயன்பட்டது அந்த ஒரு வசனம்தான்.

என்னை உண்மையில் பழக்கி எடுத்தவர் பேரம்பலம் சேர். எங்கள் உதவிப் பணிப்பாளர், யாழ்ப்பாணப் பட்டினத்துக்காரர். தீவுகளின் வழங்கலுக்குத் தலைவராக இருந்த அவர் ஒருநாளும் படகில் ஏறியதில்லை. கடல் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. துறையில் நின்று அலையைப் பார்த்தாலே தலை சுற்றும். ஆகவே கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கறுப்புக் குடையைப் பிடித்தபடி, சட்டைப்பையில் ஒரு தேசிக்காயோடு நின்றுதான் சாமான் ஏற்றுவதை நடத்துவார். மயக்கம் வந்தால் அந்த எலுமிச்சையை எடுத்து மணப்பார். அவர் யாரையும் ஏசியதில்லை. நாங்கள் பிழை செய்தால், "நீர் இதை யோசிச்சுத்தான் செய்தனீரோ?" என்று மெதுவாகக் கேட்பார். ஓம் என்றாலும் மாட்டுவோம், இல்லை என்றாலும் மாட்டுவோம்.

அவருடைய கண்டுபிடிப்பு வெண்கட்டிப் படகு. உண்மையான படகு வருவதற்கு முன்பே, துறையின் சீமெந்துத் தரையில் அதே நீள அகலத்தில் ஒரு படகை வெண்கட்டியால் கீறிவிடுவார். எஞ்சின் இருக்கும் இடம், தண்டையல் நின்று ஓட்டும் இடம் எல்லாம் அதில் இருக்கும். சாமான் முழுவதையும் முதலில் அந்தக் கோட்டுக்குள் அடுக்க வேண்டும். பாரமானது நடுவிலும் அடியிலும். நனையக் கூடாதது அதற்கு மேல். பாரமில்லாதது எல்லாவற்றுக்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் முன்னால் நின்று, என்ன சாமான், என்ன பாரம், எவ்விடத்தில் இறங்கும் என்று கேட்பார். பதில் பிடித்தால் குடையால் ஒரு தட்டு. எல்லாம் தட்டி முடிந்த பிறகு, அடுக்கியது அடுக்கியபடியே உண்மையான படகுக்குள் மாறும். ஒரே வேலையை இரண்டு தரம் செய்கிறோம் என்று மூட்டை தூக்குகிறவர்கள் புறுபுறுப்பார்கள். ஆனால் எங்கள் படகு ஒருநாளும் சரிந்ததில்லை.

சிக்கல் என்னவென்றால், சனங்களும் அந்தப் படகை நம்பத் தொடங்கினார்கள். காற்றுக் காலத்தில் பயணிகள் படகு ஓடாத நாட்களில், இடம் இருந்தால் எங்கள் சாமான் படகில் ஆட்களையும் ஏற்றுவோம். ஆகவே வெள்ளெனவே வந்து வெண்கட்டிக் கோட்டுக்குள் இடம் பிடித்துவிடுவார்கள். வெளியே நல்ல நிழல் இருந்தாலும் உள்ளே வெயிலில்தான் இருப்பார்கள். ஒருமுறை எழுவைதீவுக்குப் போக வேண்டிய ஒரு பெண், மீன் கூடையோடு நெடுந்தீவுப் படகுக்குள் இருந்துவிட்டார். இது வேறு படகு அக்கா என்று சொன்னேன். இடம் பிடித்துவிட்டேன், இனி எழும்ப ஏலாது என்றார். சேர் வந்து பார்த்தார். தேசிக்காயை ஒருமுறை மணந்தார். பிறகு நெடுந்தீவுப் படகை அழித்துவிட்டு, அந்தப் பெண்ணை நடுவில் வைத்து எழுவைதீவுப் படகை அவரைச் சுற்றிக் கீறினார்.

அந்த முறை ஒரேயொரு தடவைதான் தோற்றது. நெடுந்தீவில் ஒரு பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்கு நீல நிறப் பிளாஸ்ரிக் கதிரைகள் அனுப்பினோம். பாரமில்லாதது மேலே என்பது விதி, மேலே வைத்தோம். தரையில் கீறிய படகில் காற்று அடிக்காது என்பது யாருக்கும் தோன்றவில்லை. நடுக்கடலில் சோளகம் ஒரு தட்டுத் தட்ட, கதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிக் கடலில் இறங்கி, நயினாதீவுப் பக்கமாகப் போய்விட்டன. விழாவில் பிரதம விருந்தினரைத் தவிர எல்லோரும் நின்றார்கள். சில மாதங்களுக்குப் பிறகு நயினாதீவில் ஒரு தேநீர்க் கடையில் நான் இருந்த கதிரை நீலமாக இருந்தது. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். கடைக்காரர் கடல் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். நான் தேநீரைக் குடித்துவிட்டு எழும்பி வந்தேன்.

இனி அலுமாரி.

ஆனி மாதம். சோளகம் பிடித்துக்கொண்டு அடித்தது. பயணிகள் படகை நிறுத்திவிட்டார்கள். எங்கள் சாமான் படகு மட்டும் அன்று ஒருமுறை போகலாம், நாளையிலிருந்து அதுவும் இல்லை என்று அறிவித்தார்கள். நான் காலையில் துறைக்குப் போனபோது வெண்கட்டிப் படகுக்குள் ஒரு கலியாணம் இருந்தது. மாப்பிள்ளை, தோழன், கூறைச் சேலைப் பெட்டி, பலகாரத் தட்டுகள், தலையில் துவாயைக் கட்டிய மாமன். புளியங்கூடல் ஆட்கள். அடுத்த நாள் காலையில் நெடுந்தீவில் முகூர்த்தம். மாப்பிள்ளையின் தாய் தங்கரத்தினம் அம்மா, படகின் நட்டநடுவில், ஆட்டம் மிகக் குறைவான இடத்தில், பாயை விரித்து இருந்துவிட்டார். எழுப்பிப் பார்க்கலாம் என்ற எண்ணம் அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் போய்விட்டது.

அப்போதுதான் ஒரு வான் வந்து நின்றது. அதிலிருந்து நெடுந்தீவு நாகேஸ்வரி அக்கா இறங்கினார். நல்ல சேலை, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டுப்போய், வானுக்குள் என்ன இருக்கிறது என்று சொன்னார். அவருடைய கணவர் ஐயாத்துரை அண்ணை. யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் முதல் நாள் செத்துப்போனார். சவப்பெட்டியைச் சுற்றித் தறப்பாள் போட்டுக் கட்டியிருந்தார்கள்.

ஐயாத்துரை அண்ணை யார் என்றால், மணப்பெண் சிவகௌரியின் பெரியப்பா. பெண்ணின் தகப்பனுக்குக் கூடப்பிறந்த மூத்தவர். எங்கள் பக்கத்தில் கலியாண வீட்டுக்கு இவ்வளவு நெருக்கத்தில் ஒரு சாவு நடந்தால் துடக்கு என்ற தீட்டு விழும், கலியாணம் நிற்கும். ஆனால் எங்கள் சனங்களின் சட்ட அறிவு நுட்பமானது. செத்ததால் துடக்கு வருவதில்லை, அந்தச் செய்தி காதில் விழுந்தால்தான் வரும். ஆகவே தாலி ஏறும்வரை சொல்ல வேண்டியவர்கள் சொல்லமாட்டார்கள், கேட்க வேண்டியவர்கள் கேட்கவும் மாட்டார்கள். ஊர் முழுவதும் தெரிந்திருக்கும், ஆனால் ஒருவரும் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள்.

சிவகௌரிக்கு ஏற்கெனவே இரண்டு முறை கலியாணம் முற்றாகி, இரண்டு முறையும் சாவு விழுந்து நின்றுபோயிருந்தது. பொறுத்திருக்கிறோம் என்று சொன்ன மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். வயதும் முப்பதைத் தாண்டிவிட்டது. அந்தப் பிள்ளையின் சாதகத்தில் ஏதோ இருக்கிறது என்று ஊர் பேசத் தொடங்கியிருந்தது. இந்த மூன்றாவது சம்பந்தத்தை, புளியங்கூடலுக்குத் திரும்பத் திரும்ப நடந்து பேசி முடித்தவரே ஐயாத்துரை அண்ணைதான். இனி இதுவும் நின்றால் அந்தப் பிள்ளைக்கு இன்னொன்று வராது என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஒருநாள் யாழ்ப்பாணத்தில் வைத்துவிட்டுப் பிறகு கொண்டுபோகலாமே என்று கேட்டேன். நாளைக்குப் படகு இல்லையே என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார்.

"தம்பி, இவரைத் தனிய விட்டிட்டு நான் போகமாட்டன். கலியாணத்துக்கும் நான் நிக்கவேணும். பெறாமகளின்ரை கலியாணம் இந்த முறையும் நிண்டுதெண்டால், இந்த மனுசன் செத்தும் என்னைச் சும்மா விடாது."

அவருடைய கண் வறண்டு சிவந்திருந்தது. இவர் இப்போது வாயைத் திறந்து ஒருமுறை அழுதாலும் எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தெரிந்தது. மூட்டை தூக்குகிறவர்களுக்குச் சொல்லும் அதே குரலில் சொன்னேன். "அக்கா, நான் சொல்லுமட்டும் அழக்கூடாது. எப்ப அழலாமெண்டு நானே வந்து சொல்லுறன்."

"ஓம் தம்பி, நீங்கள் சொல்லுங்கோ" என்றார்.

பெட்டியை நாலு பேர் இறக்கும்போதே மாப்பிள்ளையின் மாமன் வந்துவிட்டார். இது என்ன என்று கேட்டார். என் வாயில் வந்தது அலுமாரி. வந்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய மடைத்தனம் என்று விளங்கியது. கலியாண வீட்டுக்குப் போகும் படகில் அலுமாரி என்றால் அது சீதனமாகத்தானே இருக்க வேண்டும். மாமனின் முகம் மலர்ந்தது. மரம் தேக்கா வேம்பா, திறந்து பார்க்கலாமா என்றார். நான் அவசரமாக, இது அரசாங்க அலுமாரி, நெடுந்தீவு ஆஸ்பத்திரிக்குப் போகிறது என்றேன். அவர் விடவில்லை. விரலை மடக்கித் தறப்பாளுக்கு மேலால் தட்டிப் பார்த்தார். நல்ல முற்றின மரம், ஆனால் வெறும் அலுமாரிக்கு இவ்வளவு பாரம் இருக்காதே என்றார். உள்ளே கோப்புகள் இருக்கின்றன என்றேன். அரசாங்கக் கோப்பு என்றதும் அவருக்குப் பாரத்தில் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

துறையில் காவலுக்கு நின்ற கடற்படைக்காரருக்கு உண்மையைச் சொல்லாமல் முடியாது. ஒதுக்கமாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். உடனே பெட்டிக்கு முன்னால் விறைப்பாக நின்று, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். கலியாண ஆட்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, தொப்பியைப் போடும், தயவுசெய்து தொப்பியைப் போடும் என்று கெஞ்சினேன். மாமன் என்னிடம் வந்து, ஆஸ்பத்திரிச் சாமானுக்கு இவ்வளவு மரியாதையா என்று வியந்தார்.

இனிப் பேரம்பலம் சேர். குடையோடு வரிசையாக ஒவ்வொரு சாமானாகத் தட்டிக்கொண்டு வந்தவர் பெட்டிக்கு முன்னால் நின்றார். என்ன சாமான் என்று கேட்டார். என் வாழ்க்கையில் அதுவரை அவருக்கு நான் பொய் சொன்னதில்லை. அலுமாரி சேர் என்றேன். அவர் அதன் நீளத்தைப் பார்த்தார். அகலத்தைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற நாகேஸ்வரி அக்காவின் முகத்தைப் பார்த்தார். என்ன பாரம் என்று கேட்கவில்லை.

"படுக்க வைச்சுக் கொண்டுபோம்" என்றார். "மேலை ஒரு சாமானும் வைக்கவேண்டாம். ஆக்கள் எல்லாம் இறங்கிப் போன பிறகு, கடைசியா இறக்கும்."

குடையால் தட்டவும் இல்லை. குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த வெயிலில் வெறுந்தலையோடு நின்றார். படகு புறப்பட்டபோது நான் திரும்பிப் பார்த்தேன். மனுசன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். தேசிக்காய் மூக்கிலேயே இருந்தது.

பாரமானது நடுவில் என்பதால் பெட்டி தங்கரத்தினம் அம்மாவின் பாய்க்குப் பக்கத்திலேதான் வந்தது. அவர் கொஞ்சமும் நகரவில்லை. பெட்டிக்கு மற்றப் பக்கம் நாகேஸ்வரி அக்கா இருந்தார். படகு கரையை விட்டதும் தங்கரத்தினம் அம்மா நாகேஸ்வரி அக்காவிடம், உம்முடைய மனுசன் எங்கே, அவர்தானே இந்தச் சம்பந்தத்தைப் பேசினவர், கலியாணத்துக்கு வரவில்லையா என்று கேட்டார். சுற்றியிருந்த மூட்டைகள்கூட மூச்சை அடக்கின.

"வாறார்" என்றார் நாகேஸ்வரி அக்கா. "கூடத்தான் வாறார்."

தங்கரத்தினம் அம்மா அவரைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பிறகு வெற்றிலைப் பெட்டியைத் திறந்து பாக்கு வெட்டத் தொடங்கினார்.

எங்கள் தண்டையல் மரியதாஸ் அண்ணை நெடுந்தீவுக் கத்தோலிக்க வேதக்காரர். தண்டையலுக்குத் தெரியாமல் படகில் எதையும் ஏற்ற முடியாது, ஆகவே அவருக்குச் சொல்லியிருந்தேன். சொன்னது பெரிய பிழை. சுக்கானைப் பிடித்தபடி இறந்தவர்களுக்கான செபத்தைத் தொடங்கிவிட்டார், அதுவும் எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கேட்கத்தக்கதாக. நான் ஓடிப்போய் நிறுத்தச் சொன்னேன். ஐயாத்துரை அவருடைய கூட்டாளியாம், செபம் சொல்லாமல் கொண்டுபோக மனம் கேட்கவில்லையாம். மாப்பிள்ளையின் மாமன் அங்கிருந்தே என்ன விசயம் என்று கேட்டார். மரியதாஸ் அண்ணை அசையாமல், எஞ்சினுக்குக் கொஞ்சம் வருத்தம், அதுக்குத்தான் செபிக்கிறேன் என்றார். அதைக் கேட்ட கலியாண ஆட்கள் எல்லோரும் தாங்களும் தங்கள் தெய்வங்களைக் கும்பிடத் தொடங்கினார்கள். ஐயாத்துரை அண்ணைக்கு அன்று இரண்டு சமயத்திலும் நல்ல வழியனுப்பு.

நடுக்கடலில் காற்று எழும்பியது. மாப்பிள்ளை பச்சையாகிப் போனார். மாமன் பலகாரத் தட்டை மடியில் வைத்துக்கொண்டே மறுபக்கம் குனிந்து வாந்தி எடுத்தார். படகு ஒருமுறை பலமாகச் சாய்ந்து நிமிர்ந்தபோது, தறப்பாளின் ஒரு மூலை கயிற்றை விட்டுக் கழன்று படபடவென்று அடித்தது. உள்ளே மினுக்கிய மரமும் பித்தளைக் கைபிடியும் பளிச்சென்று தெரிந்தன. எந்த அலுமாரிக்கும் பக்கத்தில் அப்படிக் கைபிடி இருக்காது. நான் எழும்ப முயன்று விழுந்தேன். நாகேஸ்வரி அக்கா கையை நீட்டினார், எட்டவில்லை.

தங்கரத்தினம் அம்மா அந்த மூலையை எட்டிப் பிடித்தார். கைபிடியை நன்றாக மூடி, தறப்பாளை இழுத்துத் தன் காலுக்குக் கீழே கொடுத்து, அதன் மேல் இருந்துகொண்டார். தவழ்ந்து வந்த என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீர் எனக்கு ஒண்டும் சொல்லிப்போடாதேயும்" என்றார்.

இல்லை அம்மா என்றேன். அந்த மனுசி மகனின் முதலாவது சம்பந்தத்தையே பொருத்தம் போதாது என்று குழப்பினவர் என்று மாமன் துறையில் வைத்துப் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

நெடுந்தீவுத் துறையில் மாலையோடு நின்றவர் பெண்ணின் தகப்பன் தம்பிமுத்து. தமையன் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே இரண்டு நாளாகத் தொலைபேசியை நிறுத்திவைத்திருந்தார். யாராவது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு எதிரே வந்தால் வேலியால் பாய்ந்து மற்ற ஒழுங்கையால் போய்விடுவாராம். மாப்பிள்ளைக்கு மாலை போட்டார். மாமனைக் கட்டிப்பிடித்தார். பிறகு அண்ணி தனியே இறங்கி வருவதைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் படகில் நீளமாகக் கிடந்ததையும் பார்த்தார். உலகத்தில் எந்தத் தம்பியும் கேட்கக்கூடிய கேள்வியை அவர் கேட்கவில்லை. அண்ணாந்து வானத்தைப் பார்த்து, மழை வருமோ தெரியாது என்று உரத்துச் சொன்னார். மழைக்கு ஒரு முகில்கூட இல்லை.

ஆட்கள் எல்லாம் போன பிறகு, கடைசியாகப் பெட்டியை இறக்கி எங்கள் களஞ்சியத்தில் மா மூட்டைகளுக்கு நடுவே வைத்தோம். கதவைப் பூட்டினோம், திறப்பு என்னிடம். நாகேஸ்வரி அக்கா கதவடியில் நின்று, வீட்டில் சொல்லிவிட்டுப் போவதுபோல, போட்டு வாறன் என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டுக் கலியாண வீட்டுக்குப் போனார். அங்கே போய்த் தேங்காய் துருவினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

காலையில் நானும் கலியாணத்துக்குப் போனேன். காற்றில் படகு திரும்பவில்லை, வேறு போக இடமும் இல்லை. இப்படி ஒரு சபையை நான் முன்னும் பின்னும் பார்த்ததில்லை. பெண் பகுதி முழுவதும் தேவைக்கு அதிகமாகச் சிரித்தது. மேளகாரர் தேவைக்கு அதிகமாக அடித்தார். தம்பிமுத்து மகளைத் தாரைவார்க்கும்போது ஐயர் சொன்ன மந்திரத்தை எல்லாம் ஒரு சொல் முன்கூட்டியே சொல்லி முடித்தார். தாலி ஏறியது. முன்னும் பின்னும் நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டதை நான் காதால் கேட்டேன்.

பிறகு அறுகரிசி போட்டு வாழ்த்தும் நேரம். சுமங்கலிகள் இரண்டு இரண்டு பேராக வரத் தொடங்கினார்கள். நாகேஸ்வரி அக்கா தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார். அவர் வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். பொட்டு நெற்றியில் இருந்தாலும், தான் யார் என்பது அவருக்குத் தெரியுமே. சுபகாரியத்தில் விதவையின் கை படக்கூடாது என்பதில் எங்கள் சனங்களுக்கு இருக்கும் பிடிவாதத்தை நான் சொல்லத் தேவையில்லை, அந்தப் பிடிவாதம் நாசமாய்ப் போகட்டும்.

தங்கரத்தினம் அம்மா கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். சபையைச் சுற்றிப் பார்த்தார். தூணடியில் கண் நின்றது.

"பொம்பிளையின்ரை பெரியம்மா முதல் போடட்டும்" என்றார்.

தம்பிமுத்து நிலத்தைப் பார்த்தார். நாகேஸ்வரி அக்கா தலையை ஆட்டி மறுத்தார். தங்கரத்தினம் அம்மா எழும்பிப்போய் அவருடைய கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து மணவறைக்கு முன்னால் விட்டார். அக்கா இரண்டு கையாலும் அறுகும் அரிசியும் எடுத்து, மணமக்களின் முழங்காலிலும் தோளிலும் தலையிலும் போட்டார். அரிசி அரைவாசி கீழே கொட்டியது. சிவகௌரி நிமிர்ந்து பெரியம்மாவின் நெற்றியைப் பார்த்தாள். அவளுக்கும் தெரிந்திருந்தது. குனிந்து காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

வாழ்த்து முடிந்து, மணமக்களை ஒரே இலையில் சாப்பிட இருத்தினார்கள். நான் அக்காவைத் தேடிப் போனேன். குசினிக்குப் பின்னால், கழுவி அடுக்கிய வாழையிலைகளுக்குப் பக்கத்தில், யன்னலருகே தனியாக நின்றார்.

"தம்பி, இனி நான் அழலாமோ?" என்று கேட்டார்.

ஓம் அக்கா என்றேன்.

அவர் சேலைத் தலைப்பை வாயருகே கொண்டுபோனார். பிறகு யன்னலால் உள்ளே பார்த்தார். தலைப்பைக் கீழே விட்டார்.

"பிள்ளை சாப்பிட்டு எழும்பட்டும்" என்றார்.

இரண்டு பேரும் நின்று பார்த்தோம். முதல் நாளிலிருந்து விரதம் இருந்த பிள்ளை, தலையைக் குனிந்து, அவசரமில்லாமல் சாப்பிட்டாள். இலையில் சோறு முடிந்ததும் நிமிர்ந்து, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னாள்.